சீனி போடாத சீனிக்கிழங்கு ஸ்மூத்தி: இதெல்லாம் தெரியுமா?

அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஒன்று. பால் ஒரு டம்ளர். ஒரு மிக்ஸி. மூன்றும் சேர்ந்தால் என்ன கிடைக்கும்? சீனி ஒரு சிட்டிகைகூடப் போடாமல் பாயசம் போல இனிக்கிற, ஐஸ்கிரீம் போலக் கெட்டியான ஸ்மூத்தி கிடைக்கும்!

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் இதற்குச் சீனிக்கிழங்கு என்று பேர். யாழ்ப்பாணத்தில் வத்தாளங்கிழங்கு. அவித்து, தோலை உரித்து, விரல் சுடச்சுட எத்தனையோ தடவை தின்றிருக்கிறோம். குடித்துப் பார்த்திருக்கிறோமா? குடிக்கப் போகிற டம்ளருக்குள் எத்தனை அதிசயம் ஒளிந்திருக்கிறது தெரியுமா? வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்!

யாரும் போடாத சர்க்கரை எங்கிருந்து வந்தது?

100 கிராம் பச்சைக் கிழங்கில் மால்டோஸ் என்ற சர்க்கரை எவ்வளவு இருக்கும்? ஏறக்குறைய பூஜ்யம்! அதையே சுட்டு எடுத்தால்? 3 கிராம்! ஒருவரும் அள்ளிப் போடவில்லை, ஒருவரும் ஊசி போட்டு ஏற்றவில்லை. கிழங்கே தன் வயிற்றுக்குள் சர்க்கரை காய்ச்சிக்கொள்கிறது!

எப்படி? கிழங்குக்குள் பீட்டா அமைலேஸ் என்று ஒரு நொதி தூங்கிக்கொண்டிருக்கிறது. சூடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டி மாவுச்சத்து குழையத் தொடங்கியதும், இந்த நொதிக்குக் கொண்டாட்டம்! நீளமான மாவுச்சத்துச் சங்கிலியை நறுக் நறுக்கென்று வெட்டி மால்டோஸ் துண்டுகளாக்கிவிடும். ஆனால் சூடு 80 டிகிரியைத் தாண்டி ஏறிவிட்டால் நொதியின் கதை முடிந்தது. அதாவது, அந்த இடைப்பட்ட சூட்டில் கிழங்கு எவ்வளவு நேரம் தங்குகிறதோ அவ்வளவு இனிப்பு!

நம்ப முடியவில்லையா? நானும் நம்பாமல்தான் செய்து பார்த்தேன். ஒரே கிழங்கை நடுவில் வெட்டி, ஒரு பாதியை மைக்ரோவேவில் 5 நிமிடம் வைத்தேன். மறு பாதியைப் பச்சைத் தண்ணீரில் போட்டு, அடுப்பைச் சிம்மில் வைத்து முக்கால் மணி நேரம் விட்டேன். முதல் பாதி வெந்திருந்தது, அவ்வளவுதான். மாவு மாவாக இருந்தது. இரண்டாவது பாதியை எடுத்து ஆறவைத்தபோது தோல் சுருங்கி, வெட்டு வாயில் பழுப்பு நிறத்தில் பாகு மாதிரி ஒன்று கசிந்து நின்றது! விரலில் தொட்டால் பிசுபிசு. நாக்கில் வைத்தால் வெல்லப்பாகு! ஒரே கொடி, ஒரே கிழங்கு, ஒரே கத்தி வெட்டு. வித்தியாசம் தீயில் மட்டும்தான்!

இன்னொன்று தெரியுமா? பார்லியை முளைகட்டி மால்ட் எடுக்கும்போதும் இதே வகை நொதிதான் இதே மால்டோஸைச் செய்கிறது. டப்பாவில் வாங்கிப் பாலில் கலக்கும் மால்ட் பானத்தின் வாசனையும் சீனிக்கிழங்கு ஸ்மூத்தியின் ருசியும் எங்கேயோ ஒட்டுறவாகத் தோன்றினால், அது உங்கள் கற்பனை அல்ல!

வாழைப்பழமா, கிழங்கா?

ஸ்மூத்தி என்றாலே எல்லோரும் வாழைப்பழத்தைத்தான் தேடுகிறோம். 100 கிராம் வாழைப்பழத்தில் 89 கலோரி. தோலோடு சுட்ட 100 கிராம் ஆரஞ்சு நிறச் சர்க்கரைவள்ளியில் எவ்வளவு? 90! ஒரே ஒரு கலோரிதான் வித்தியாசம்! ஆனால் சர்க்கரையைப் பாருங்கள். பழத்தில் 12 கிராம், கிழங்கில் ஆறரை கிராம். பொட்டாசியம்? பழத்தில் 358 மில்லிகிராம், கிழங்கில் 475!

வைட்டமின் ஏ கணக்கைக் கேட்டால் நாற்காலியைப் பிடித்துக்கொள்வீர்கள். பழத்தில் 3 மைக்ரோகிராம். கிழங்கில் 961! அடேயப்பா, முந்நூறு மடங்குக்கும் மேல்! அமெரிக்காவில் வயதுவந்த ஓர் ஆணுக்கு ஒரு நாளைக்குப் பரிந்துரைக்கும் அளவே 900 மைக்ரோகிராம்தான். ஒரே டம்ளரில் அந்த நாளின் கணக்கு தீர்ந்தது!

பொறுங்கள், பொறுங்கள்! எந்தக் கிழங்குக்கு இந்த எண்? உள்ளே ஆரஞ்சு நிறமாக இருக்கும் கிழங்குக்கு மட்டும்! நம் தள்ளுவண்டிகளில் பெரும்பாலும் கிடைப்பது தோல் ரோஸ் நிறத்திலும் உள்ளே வெள்ளையாகவும் இருக்கும் வகை. அதில் இந்தச் சத்து மிகமிகக் குறைவு. தோலைப் பார்த்து ஏமாறாதீர்கள். கடைக்காரரிடம் கேட்டு நுனியைக் கிள்ளி உள்நிறத்தைப் பாருங்கள்!

ஒரு நிறத்துக்கு உலகப் பரிசு!

கிழங்கின் நிறத்துக்காக யாராவது பரிசு கொடுப்பார்களா? கொடுத்தார்களே! 2016-ல் உலக உணவுப் பரிசு நான்கு பேருக்குப் போனது. அவர்களில் மூன்று பேர், மரியா ஆண்ட்ராடே, ராபர்ட் முவாங்கா, ஜேன் லோ, ஆப்பிரிக்கக் குழந்தைகளின் வைட்டமின் ஏ குறையைப் போக்க ஆரஞ்சு நிறச் சர்க்கரைவள்ளியை வளர்த்து ஊர் ஊராகக் கொண்டுசேர்த்தவர்கள். வைட்டமின் ஏ போதாமல் போனால் குழந்தைகளின் கண்பார்வையே பறிபோகும். அதைத் தடுக்கும் மருந்து மண்ணுக்குள் கிழங்காக விளைகிறது என்றால் மெய்சிலிர்க்கவில்லையா?

நம் பக்கத்திலும் ஆள் இருக்கிறது! திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963 முதல் இயங்கும் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் 'பூ சோனா' என்ற ரகத்தை வெளியிட்டிருக்கிறது. சாதாரண ரகங்களில் 100 கிராமுக்கு 2, 3 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் என்றால், பூ சோனாவில் 14!

முழுக் கொழுப்புப் பால் ஏன்?

பீட்டா கரோட்டின் தண்ணீரில் கரையாது. கொழுப்பில்தான் கரையும்! ஆடை நீக்கிய பாலில் அரைத்தால் நிறம் வரும், சத்தில் ஒரு பங்கு வந்த வழியே போய்விடும். அதனால் முழுக் கொழுப்புப் பால், தேங்காய்ப்பால், ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலை, இதில் ஏதாவது ஒன்று கட்டாயம் வேண்டும். எனக்குத் தேங்காய்ப்பால்தான் முதலிடம். கிழங்கும் தேங்காயும் சேர்ந்தால் வருகிற வாசனைக்கு ஈடு உண்டா?

ஒரு தகவல்! ஆரஞ்சு நிறக் கிழங்கை அளவுக்கு மீறி நாள்தோறும் சாப்பிட்டால் உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சள் பூசியது போல ஆகிவிடும்! காமாலை அல்ல, கண்வெள்ளை வெள்ளையாகவே இருக்கும். குறைத்துக்கொண்டால் சில வாரங்களில் தானே மறைந்துவிடும்.

காப்பியே இல்லாத லாத்தே!

கிழங்கைக் குடிப்பது ஏதோ புதுப் பைத்தியம் என்று நினைத்தீர்களா? தென் கொரியாவில் காப்பிக் கடைக்குப் போய் 'கொகுமா லாத்தே' என்று கேட்டுப் பாருங்கள். அவித்த சர்க்கரைவள்ளியைப் பாலோடு மசிய அடித்துச் சுடச்சுடக் கொடுப்பார்கள். லாத்தே என்று பேர், காப்பித்தூள் ஒரு துளிகூடக் கிடையாது! குளிர்காலம் வந்தால் பெரியவர், சிறியவர் எல்லோர் கையிலும் இதுதான்.

அந்தக் 'கொகுமா' என்ற பேர் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1763-ல் ஜப்பானுக்குத் தூது போன ஜோ ஓம் என்ற கொரிய அதிகாரி, வழியில் சுஷிமா தீவில் இந்தக் கிழங்கைப் பார்த்தார். விதைக்கிழங்கை ஊருக்கு அனுப்பினார். அந்தத் தீவில் இதற்குப் பேர் 'கோகோ இமோ'. பொருள் என்ன? 'பெற்றோரைப் பேணும் கிழங்கு'! அதுதான் திரிந்து கொகுமா ஆனது. ஒரு கிழங்குக்கு இப்படி ஒரு பேரா!

இன்னும் இருக்கிறது! கொரிய இளைஞர்கள் எரிச்சலூட்டும் ஒரு நிலைமையை, பேசத் தெரியாமல் இழுத்தடிக்கும் ஆளை, நகராத சினிமாக் கதையை 'கொகுமா' என்றே சொல்வார்கள். ஏன்? தண்ணீர் இல்லாமல் கிழங்கைத் தின்றால் நெஞ்சை அடைக்குமே, அந்த உணர்வு! நமக்கும் தெரிந்த அடைப்புதானே அது? பாட்டி 'மோரைக் குடிச்சிக்கிட்டே தின்னுடா' என்று முதுகில் தட்டியது ஞாபகம் வருகிறதா? நெஞ்சை அடைக்கும் கிழங்குக்கு ஒரே வழி, அதையே பானமாக்கிவிடுவது!

9 + 4 = 13!

ஜப்பானில் அக்டோபர் 13 என்ன நாள்? சர்க்கரைவள்ளிக் கிழங்கு நாள்! ஏன் அந்தத் தேதி? 'குரி' என்றால் செஸ்ட்நட் கொட்டை. 'யோரி' என்றால் 'அதைவிட'. 'செஸ்ட்நட்டைவிட ருசி' என்று சொல்ல வந்த பழைய கிழங்கு வியாபாரிகள் ஒரு விளையாட்டு விளையாடினார்கள். 'கு' என்ற ஒலி ஒன்பதையும் 'யோ' என்ற ஒலி நான்கையும் குறிக்கும். 'ரி' என்பது ஏறக்குறைய 4 கிலோமீட்டர் தூரத்துக்கான பழைய அளவு. 9 ரி, 4 ரி, கூட்டினால் 13 ரி! சுட்ட கிழங்குக்கே 'பதின்மூன்று ரி' என்று பேர் வந்துவிட்டது. கிழங்குக்குப் பேர்போன கவாகோயே ஊருக்கும் பழைய எடோ நகருக்கும், அதாவது இன்றைய தோக்கியோவுக்கும், இடையே உள்ள தூரமும் ஏறக்குறைய அதே 13 ரி! அதிசயம்தானே?

கயிற்றுக்குள் மறைந்து வந்த கொடி!

உலகத்தில் விளையும் சர்க்கரைவள்ளியில் பாதிக்கும் மேல் எந்த நாட்டில்? சீனாவில்! அங்கே அது எப்படிப் போனது? 1593-ல் பிலிப்பைன்ஸின் லூசோன் தீவிலிருந்து சென் ஜென்லோங் என்ற வணிகர் கொண்டுவந்தார். வெளியே கொண்டுபோகத் தடை இருந்ததால், கொடியைக் கப்பல் கயிற்றோடு கயிறாக முறுக்கி மறைத்து எடுத்துவந்தார் என்று கதை சொல்கிறார்கள். மறுவருடமே ஃபூஜியன் பகுதியில் பஞ்சம்! வயிற்றைக் காப்பாற்றியது அந்தக் கொடிதான்!

இதற்கு விதை தேவையில்லை, கொடியின் ஒரு துண்டு போதும் என்பதால்தான் இந்தச் சாகசமே நடந்தது!

மிக்ஸியில் போவது வேரா, தண்டா?

உருளைக்கிழங்குக்கும் இதற்கும் சொந்தம் உண்டா? ரொம்பத் தூரத்துச் சொந்தம்தான்! உருளை என்பது மண்ணுக்குள் பருத்த தண்டு. கத்தரி, தக்காளிக் குடும்பம். சர்க்கரைவள்ளி பருத்த வேர்! அதன் சொந்தக்காரர்கள் யார்? கடற்கரை மணலில் படரும் அடும்பு, குளக்கரையை அடைத்துக்கொண்டு நிற்கும் நெய்வேலிக் காட்டாமணக்கு! அந்தப் பூக்களின் ஊதா நிறப் புனல் வடிவத்தைப் பாருங்கள். சர்க்கரைவள்ளியும் பூத்தால் அச்சு அசல் அப்படித்தான்!

பேர்க் குழப்பம் அதைவிட வேடிக்கை. கரீபியன் தீவுகளில் 'பத்தாத்தா' என்றது இந்தக் கிழங்கைத்தான். அந்தப் பேரைத்தான் ஐரோப்பியர்கள் உருளைக்கிழங்குக்கு மாட்டிவிட்டார்கள்! இங்கிலீஷின் 'பொட்டேட்டோ', மும்பைத் தெருவின் 'பட்டாட்டா வடா' எல்லாம் அந்த வழி வந்தவை. சிங்களத்திலோ 'பத்தல' என்றால் இன்றும் சர்க்கரைவள்ளிதான்!

குறத்தி வள்ளி பிறந்தது வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் என்பார்களே, அது இந்தக் கிழங்கா? இல்லை! அது நம் மலைகளில் தானாக வளரும் வேறு வள்ளி. கடல் தாண்டி வந்த விருந்தாளிக்கு நம் ஆட்கள் சர்க்கரையைச் சேர்த்து அதே பேரைக் கொடுத்துவிட்டார்கள்.

நம்புவீர்களா? மேகாலயாவில் 5 கோடியே 70 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய இலைப் புதைபடிவங்கள் கிடைத்தன. 2018-ல் அவற்றை ஆராய்ந்தவர்கள், அவை சர்க்கரைவள்ளியின் பேரினத்தைச் சேர்ந்தவை என்று அறிவித்தார்கள்! கிழங்கு அமெரிக்கக் கண்டத்தில் பிறந்தது. அதன் ஆதிச் சொந்தங்களின் சுவடு இந்திய மண்ணில்!

இயற்கையே செய்த மரபணு மாற்றம்!

நமக்கு 46 குரோமோசோம். இந்தக் கிழங்குக்கு? 90! அதோடு, ஒரு மண் பாக்டீரியாவின் மரபணுத் துண்டும் உள்ளே உட்கார்ந்திருக்கிறது! 2015-ல் வெளியான ஆய்வில் 291 ரகங்களைச் சோதித்தார்கள். எத்தனையில் இருந்தது? 291-லும்! எந்த ஆய்வுக்கூடமும் செய்யவில்லை, எப்போதோ இயற்கையே செய்துவிட்டது!

விண்வெளிக்கும் போயிருக்கிறது!

1999 ஜூலை. கொலம்பியா விண்கலம் கிளம்புகிறது. உள்ளே சந்திரா எக்ஸ்ரே தொலைநோக்கி, நம் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பேரைத் தாங்கியது! அதே கலத்தில் கூடவே பயணம் செய்தது என்ன தெரியுமா? சர்க்கரைவள்ளிக் கொடித் துண்டுகள்! எடையற்ற நிலையில் வேர் விடுமா என்று பார்த்தார்கள். விட்டது! நாளை யாராவது விண்வெளியில் ஸ்மூத்தி அடித்தால் ஆச்சரியப்படாதீர்கள்!

பச்சையாக அரைக்கலாமா?

கூடாது! பச்சைக் கிழங்கில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் ஒன்று இருக்கிறது. வேகவைத்தால்தான் அது அடங்கும். அதோடு பச்சை மாவுச்சத்து நாக்கில் நறநறக்கும், வயிற்றை உப்பவைக்கும். வெட்டினால் வடிகிற அந்தப் பால் விரலில் ஒட்டிக் கறுத்துப்போகும், அதனால் முழுசாக வேகவைத்து அப்புறம் தோலை உரியுங்கள். பட்டுத்துணி கழல்வது போல முழுசாக வரும்!

வேகாத கிழங்கை ஃபிரிஜ்ஜில் வைக்கவும் கூடாது! ஏன்? இது வெப்ப மண்டலத்துப் பிள்ளை. 12 டிகிரிக்குக் கீழே போனால் உள்ளே கெட்டித்துப்போகும், பிறகு எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் நடுப்பகுதி மசியாது! கூடையில் காற்றாட வையுங்கள். வெந்த கிழங்குக்கோ இந்தத் தொல்லையே இல்லை. துண்டு போட்டு ஃபிரீஸரில் வைத்துவிட்டால் ஐஸ்கட்டி, வாழைப்பழம் இரண்டுக்கும் பதில் அதுதான்!

சர்க்கரை உள்ளவர்கள் கவனியுங்கள்! ஜமைக்காவில் 10 ரகக் கிழங்குகளைச் சோதித்தபோது, அவித்த கிழங்கின் கிளைசெமிக் குறியீடு 41 முதல் 50 வரை. ஓவனில் வாட்டியதற்கு? 82 முதல் 94! கிழங்கு ஒன்றுதான், சமைத்த விதத்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு! உங்களுக்கு அவித்ததுதான், அதுவும் சின்ன டம்ளர்தான். மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

என் வீட்டு அளவு!

குளிரவைத்த அவித்த கிழங்கு 100 கிராம், அதாவது உள்ளங்கை நீளத்தில் ஒன்று. கெட்டித் தேங்காய்ப்பாலும் தண்ணீரும் சரிபாதியாக ஒரு டம்ளர். ஏலக்காய் ஒன்று. சுக்குத்தூள் கால் சிட்டிகை. உப்பு நாலு கல். அந்த உப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள், இனிப்பை அதுதான் தூக்கிக்கொடுக்கும்! முதலில் கிழங்கை மட்டும் கொஞ்சம் பாலோடு மைய அரையுங்கள், மீதிப் பாலை அப்புறம் ஊற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாகப் போட்டால் நார் திரளும். சீனியா? ஐயோ, வேண்டாம்! முக்கால் மணி நேரம் அடுப்பில் அந்த நொதி வெட்டி வெட்டிச் சேர்த்த இனிப்பை ஒரு கரண்டிச் சீனியால் மூடிவிடலாமா?

கடைசியாக ஒரு மாயாஜாலம்!

ஊதாக் கிழங்கு கிடைத்தால் விடவே விடாதீர்கள்! அதே திருவனந்தபுரம் நிறுவனத்தின் 'பூ கிருஷ்ணா' ரகத்தில் 100 கிராமுக்கு 90 மில்லிகிராம் ஆந்தோசயனின். நாவல்பழத்துக்கு நிறம் கொடுப்பதும் அந்தச் சாயம்தான்! ஜப்பானின் ஒகினாவா தீவில் 1949 வாக்கில் மக்கள் சாப்பிட்ட மொத்தச் சாப்பாட்டில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரைவள்ளியாம்! நூறு வயதைத் தாண்டியவர்களுக்குப் பேர்போன தீவு அது!

அவித்த ஊதாக் கிழங்கைக் குளிர்ந்த தண்ணீர் விட்டு அரைத்து, கண்ணாடி டம்ளர் மூன்றில் ஊற்றுங்கள். பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்காரவையுங்கள். முதல் டம்ளரை அப்படியே விடுங்கள். இரண்டாவதில் எலுமிச்சை அரை மூடி பிழிந்து கலக்குங்கள். ஊதா எங்கே? பளீரென்ற ரோஜா நிறம்! மூன்றாவதில் சமையல் சோடா ஒரு சிட்டிகை. நீலம்! இன்னொரு சிட்டிகை. பச்சை! சோடா போட்டதைக் கொட்டிவிடுங்கள், மற்ற இரண்டையும் குடிக்கலாம். பாலில் அரைத்ததில் மட்டும் எலுமிச்சை பிழியாதீர்கள், திரிந்துவிடும். தயிரில் அரைத்தால் பிழியவே வேண்டாம், மிக்ஸி மூடியைத் திறக்கும்போதே ரோஜா நிறம் எட்டிப் பார்க்கும்!